இரு கரைகள்

இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில், மன்னார் வளைகுடாவை நோக்கி அமைந்த பழம்பதி கீழக்கரை. வள்ளல் சீதக்காதியின் கொடையால் புகழ்பெற்ற இவ்வூர், முத்துக்கும் சங்குக்கும் பெயர்போனது. இவ்வூரைச் சேர்ந்த பலர் தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கிச் சங்கெடுத்து வாழ்ந்தனர். சங்கு குளிப்போர் ஓர் உண்மையை நன்கு அறிவர். படகில் நின்று பார்ப்பவர்க்கு எங்கும் ஒரே நீர்ப்பரப்பாகவே தோன்றும். மூழ்கிப் பார்ப்பவர்க்கே எங்கே மணல், எங்கே பாறை, எங்கே சங்கு என்பது விளங்கும். மேற்பரப்பைக் கண்டு கடலை அளத்தல் கூடாது என்பது அக்கரையோர் கற்ற பாடம். மனித உள்ளத்திற்கும் இப்பாடம் பொருந்தும்.

கீழக்கரையிலிருந்து கரையோரமாகக் கிழக்கு நோக்கிச் சென்றால், மண்டபம், பாம்பன், இராமேசுவரம் ஆகிய ஊர்களைக் கடந்து தனுஷ்கோடியை அடையலாம். 1964 ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அழிந்த ஊர் அது. அதற்கு நேரே, கடலுக்கு அப்பால் இருப்பது இலங்கையின் தலைமன்னார். 2022 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20 ஆம் நாள், பொழுது விடியுமுன் தலைமன்னாரில் கடலில் இறங்கினாள் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. 29 கிலோமீட்டர் தொலைவை 13 மணி 10 நிமிடங்களில் நீந்தி, அன்று மாலை தனுஷ்கோடிக் கரையைத் தொட்டாள். 2004 ஆம் ஆண்டில் பூலா சௌதுரி என்னும் புகழ்பெற்ற வீராங்கனை இதே நீரிணையைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரம் 13 மணி 52 நிமிடம். அதனினும் விரைவாக நீந்திய இச்சிறுமியின் பெயர் ஜியா ராய். மும்பையில் பணிபுரிந்த இந்தியக் கடற்படை வீரர் ஒருவரின் மகள்.

இச்சிறுமிக்கு ஏறத்தாழ இரண்டு வயதாக இருக்கும்போதே ஆட்டிசம் என்னும் நிலை இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தனர். பேச்சு அவளுக்கு எளிதில் கைவரவில்லை. நீரில் பழகுவது நன்மை தரும் என்று தொடங்கிய பயிற்சியே அவளை நீச்சல் வீராங்கனை ஆக்கிற்று. ஆட்டிசம் பற்றிய அறிவைப் பரப்புவதற்காகவே அவள் நெடுந்தொலைவு நீந்தினாள். கரையில் நின்று கைதட்டிய நாம் கேட்டறிய வேண்டியது ஒன்று உண்டு. ஆட்டிசம் என்பது யாது?

ஆட்டிசம் என்பது தொற்றுநோய் அன்று, மனநோயும் அன்று. மூளை வளரும் முறையில் பிறப்பிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. அது பெரும்பாலும் மூன்று வயதுக்குள் வெளிப்படத் தொடங்கும். வாழ்நாள் முழுவதும் உடனிருக்கும். உலக நலவாழ்வு நிறுவனம் 2021 ஆம் ஆண்டுக்கெனக் கூறும் கணக்கின்படி, உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் இந்நிலை உடையவர். அப்படியாயின், ஒவ்வொரு பெரிய பள்ளியிலும், ஒவ்வொரு தெருவிலும் இத்தகையோர் இருத்தல் கூடும். அவர்களை நாம் கண்டும் காணாதிருக்கிறோம் என்பதே உண்மை.

இந்நிலையின் இயல்புகளை இரு பிரிவாகப் பகுத்துக் காண்பர். முதலாவது, பிறரோடு பழகுவதிலும் கருத்தைப் பரிமாறுவதிலும் காணப்படும் வேறுபாடு. சிறு குழந்தை நிலவைக் கண்டால் விரலால் சுட்டிக்காட்டித் தாயின் முகத்தைப் பார்க்கும். தான் கண்ட மகிழ்ச்சியில் தாய்க்கும் பங்கு தரும். ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலர் அவ்வாறு சுட்டிக்காட்டத் தாமதிப்பர். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கமாட்டார். காது கேளாதோ என்று பெற்றோர் ஐயுறுவர். கண்ணோடு கண் நோக்குவது சிலருக்குத் துன்பமாக இருக்கும். சிலர் கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வர். “உனக்குப் பசிக்கிறதா?” என்று தாய் நாள்தோறும் கேட்டுச் சோறூட்டுவாள். குழந்தைக்குப் பசி எடுத்தபோது, “எனக்குப் பசிக்கிறது” என்று சொல்லாமல், “உனக்குப் பசிக்கிறதா?” என்றே கூறும். கேட்போர் நகைப்பர், ஆயினும் அக்குழந்தை தன் பசியைத் தன் வழியில் தெளிவாகவே தெரிவித்திருக்கிறது.

சொல்லுக்கு நேர்ப்பொருள் மட்டுமே கொள்வதும் இவர்களுள் பலரிடம் காணும் இயல்பு. “கடைக்கு ஓர் எட்டுப் போய்விட்டு வா” என்று சொன்னால், ஓர் அடி எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி நிற்கும் சிறுவனை எண்ணிப் பாருங்கள். அவன் நம்மைக் கேலி செய்யவில்லை. நாம் சொன்னதைச் சொன்னபடியே செய்தான். நாம் சொல்லாமல் விட்டது அவனுக்கு எட்டவில்லை.

இரண்டாவது பிரிவு, செயலிலும் விருப்பத்திலும் புலனுணர்விலும் தோன்றும் வேறுபாடு. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், கைகளை உதறுதல், உடலை முன்னும் பின்னும் ஆட்டுதல், பொருள்களை வரிசையாக அடுக்குதல் முதலியன இதன்பாற்படும். நாள்தோறும் சென்ற வழியிலேயே பள்ளிக்குச் செல்ல வேண்டும். ஒருநாள் தெரு மாறினாலும் பெருங்கலக்கம் உண்டாகும். ஒரு பொருளில் ஈடுபாடு கொண்டால் அதில் ஆழ்ந்துவிடுவர். தொடர்வண்டிகளின் நேரம் முழுவதையும் மனப்பாடமாகக் கூறுவாரும் உளர்.

புலன்களைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் வேண்டும். மீன் ஏலம் போடும் கடற்கரையில் கூவும் குரல்கள், வண்டிகளின் ஒலி, மீனின் நாற்றம், வெயிலின் ஒளி ஆகியன ஒருங்கே எழும். நம் மூளை இவற்றுள் வேண்டாதவற்றை ஒதுக்கி, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆட்டிசம் உடையோர் பலர்க்கு எல்லாம் ஒரே வலிமையுடன் வந்து தாக்கும். பள்ளி மணியின் ஓசை சம்மட்டி அடிபோல் விழும். சட்டையின் தையல் முள்ளாய் உறுத்தும். அப்போது குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறினால், அதைப் பிடிவாதம் என்று நாம் அடிக்கிறோம். நெருப்பில் கை பட்டவன் அலறுவது பிடிவாதம் ஆகுமா? வேறு சிலர்க்கோ புலனுணர்வு மந்தமாக இருக்கும். காயம் பட்டும் வலியை உணராதிருப்பர்.

இவ்வியல்புகள் எல்லாரிடமும் ஒரே அளவில் அமைவதில்லை. சிலர் ஒரு சொல்லும் பேசார். சிலர் இலக்கணம் பிழையாது பேசுவர். சிலர்க்கு உண்ணவும் உடுக்கவும் பிறர் துணை வேண்டும். சிலர் பல்கலைக்கழகத்தில் பயின்று பணி புரிவர். வானவில்லில் ஒரு நிறம் மற்றொரு நிறத்தோடு கலந்து விரிவது போன்றது இது. ஆகையால் 2013 ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மனமருத்துவர் சங்கத்தின் வகைப்பாட்டு நூலிலும் இதனை ஒரே நிறமாலையாகக் கொண்டனர். ஆட்டிசம் உடையோர் அனைவரும் அரிய ஆற்றல் படைத்தவர் என்பதும் தவறு. அனைவரும் அறிவு குன்றியவர் என்பதும் தவறு. எல்லாரும் ஜியா போல் நீந்தார். நீந்தாதவர்க்கும் மதிப்புக் குறைவதில்லை.

இனி, இந்நிலைக்கு அறிஞர் கூறிய காரணங்களைக் காண்போம். ‘தான்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது ஆட்டிசம் என்னும் பெயர். தமிழில் இதனை மதியிறுக்கம் என்றும், புற உலகச் சிந்தனைக் குறைபாடு என்றும் வழங்குவர். உருசிய நாட்டுப் பெண் மருத்துவர் க்ரூனியா சுகாரெவா 1925 ஆம் ஆண்டிலேயே இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினார். அவர் எழுத்து நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. 1943 இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளை ஆராய்ந்து விளக்கினார். அடுத்த ஆண்டு வியன்னா நகரில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்பவரும் இதையொத்த சிறுவர்களைப் பற்றி எழுதினார்.

கானர், தாம் கண்ட குழந்தைகளின் பெற்றோருள் பலர் அன்பை வெளிப்படையாகக் காட்டாதவர் என்றும் குறித்தார். இச்சிறு குறிப்பிலிருந்து ஒரு பெருந்தீங்கு விளைந்தது. தாயின் அன்பின்மையே குழந்தையை இந்நிலைக்கு ஆளாக்கிற்று என்ற கொள்கை எழுந்தது. புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967 இல் வெளியிட்ட நூல் இதனை உலகெங்கும் பரப்பிற்று. இரவு பகலாகக் கண் துஞ்சாது குழந்தையைக் காத்த தாயரே குழந்தையின் துன்பத்திற்குக் காரணமானவர் என்று பழிக்கப்பட்டனர். பெர்னார்டு ரிம்லண்டு என்னும் உளவியலார் இக்கொள்கையை 1964 இலேயே மறுத்திருந்தார். அவர் மகனும் ஆட்டிசம் உடையவன். ‘இது மூளையின் அமைப்பைச் சார்ந்தது; வளர்ப்பைச் சார்ந்ததன்று’ என்பது அவர் கொண்ட முடிவு. 1969 இல் பெற்றோர் கூடிய அவை ஒன்றில் கானரும் பெற்றோர்மீது குற்றமில்லை என்று அறிவித்தார்.

1977 இல் இங்கிலாந்தில் சூசன் போல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் 21 இணை இரட்டையரை ஆராய்ந்தனர். ஒவ்வோர் இணையிலும் ஒருவரேனும் ஆட்டிசம் உடையவர். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 இணைகளுள் நான்கில் இருவருக்கும் அந்நிலை இருந்தது. தனித்தனிக் கருவில் தோன்றிய 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறில்லை. இரு வகை இரட்டையரும் ஒரே வீட்டில், ஒரே தாயால் வளர்க்கப்பட்டவரே. ஆகவே வேறுபாட்டின் வேர் மரபணுவில் உள்ளது என்பது தெளிவாயிற்று. ஒன்றல்ல, மிகப் பல மரபணுக்கள் இதில் பங்கு கொள்கின்றன என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின.

ஒரு பொய் மடிந்தால் மற்றொன்று முளைக்கும். குழந்தைகளுக்கு இடும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 1998 இல் பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் கொண்டு எழுதப்பட்ட கட்டுரை ஒன்று இங்கிலாந்து மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. அது முறைகேடானது என்று கண்ட அவ்வேடு 2010 இல் அக்கட்டுரையை விலக்கிக்கொண்டது. பல நாடுகளில் இலட்சக்கணக்கான குழந்தைகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வுகள் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பில்லை என்று நிறுவின. ஆயினும் அப்பொய்யை நம்பித் தடுப்பூசியை மறுத்த இடங்களில் தட்டம்மை மீண்டும் பரவிற்று.

அறியாமையின் விலை எத்துணைக் கொடியது என்பதற்கு நாம் அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. கீழக்கரைக்கு மேற்கே சில கல் தொலைவில் ஏர்வாடி உள்ளது. 2001 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6 ஆம் நாள், அங்குத் தனியார் நடத்திய மனநோயாளர் இல்லம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப வழியின்றி மடிந்தனர். இறந்தோர் 28 பேர். அவர்கள் மனநோயாளர் எனப்பட்டவர். ஆட்டிசம் வேறு, மனநோய் வேறு. ஆயினும், விளங்காத நடத்தை உடையவரைக் கட்டிவைத்தல் என்னும் கொடுமை இரு சாராரையும் வருத்தி வந்துள்ளது. ‘பேய் பிடித்தது’, ‘முன்வினைப் பயன்’, ‘தாய் செய்த பாவம்’ என்று நம் ஊரார் கூறுவனவும் காரணம் காட்டும் கொள்கைகளே. தவறான கொள்கை ஏட்டோடு நிற்பதில்லை. அது ஒரு தாயின் தலையில் பழியாகவும், ஒரு குழந்தையின் காலில் சங்கிலியாகவும் வந்து விழுகிறது.

மரபணு காரணமாயின், அதனால் உள்ளத்தின் நோக்கு எவ்வாறு வேறுபடுகிறது? இதற்குப் பல விடைகள் உண்டு. 1985 இல் இலண்டனில் சைமன் பேரன்-கோகன், ஆலன் லெஸ்லி, ஊட்டா பிரித் ஆகிய மூவரும் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். சாலி, ஆன் என இரு பொம்மைகள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே செல்கிறாள். ஆன் அதனை எடுத்துப் பெட்டிக்குள் ஒளித்துவிடுகிறாள். திரும்பி வந்த சாலி எங்கே தேடுவாள்? ‘கூடையில்’ என்பதே சரியான விடை. ஏனெனில், கோலி இடம் மாறியதைச் சாலி அறியாள். ஆட்டிசம் உடைய 20 குழந்தைகளுள் 16 பேர் ‘பெட்டியில்’ என்றனர். தாம் அறிந்ததைப் பிறர் அறியார் என்று ஊகிக்கும் ஆற்றல் இவர்களிடம் மெல்ல வளர்கிறது என்பது இவ்வாய்வால் எழுந்த கொள்கை. ஆயினும் நான்கு பேர் சரியாகவே விடை கூறினர் அன்றோ? மேலும், மணியோசை ஏன் வருத்துகிறது என்பதை இக்கொள்கை விளக்கவில்லை.

ஊட்டா பிரித் 1989 இல் மற்றொரு விளக்கம் தந்தார். வலையைக் காண்பவருள் பலர் வலை என்ற முழுமையையே முதலில் காண்பர். ஆட்டிசம் உடையவர் ஒவ்வொரு முடிச்சையும் முதலில் காண்பர் என்று அவர் கருத்தை நாம் உவமையாற் கூறலாம். பெரிய படத்துள் மறைந்துள்ள சிறு வடிவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில் இவர்கள் சிறந்து விளங்கினர் என்பதை 1983 இல் நிகழ்ந்த ஓர் ஆய்வு காட்டியிருந்தது. குறை என்று கருதப்பட்டதில் ஒரு நிறையும் உண்டு என்பதை இவ்விளக்கம் உணர்த்திற்று.

தமிழ்நாட்டிற் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிபோர்னியாவில் நரம்பியல் அறிஞராய் விளங்கும் வி. எஸ். இராமச்சந்திரனும் ஒரு விளக்கம் கூறினார். பிறர் கையசைவைக் காணும்போது, நாமே கையசைத்தாற் போல இயங்கும் நரம்பணுக்கள் உண்டு. அவற்றைக் கண்ணாடி நரம்பணுக்கள் என்பர். அவற்றின் இயக்கக் குறைவே ஆட்டிசத்திற்குக் காரணமாகலாம் என்று அவரும் அவர்தம் மாணவியும் 2006 இல் எழுதினர். பின்னர் நிகழ்ந்த பல ஆய்வுகள் அதனை உறுதி செய்யவில்லை. கருத்தைத் துணிந்து கூறுதலும், சோதித்துப் பார்த்தலும், பொருந்தாதாயின் விடுதலும் அறிவியலின் நெறி. ஆதலின் இதனைத் தோல்வி என்று கருதலாகாது.

2012 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டேமியன் மில்ட்டன் என்னும் அறிஞர் புதியதொரு வினாவை எழுப்பினார். அவர் தாமே ஆட்டிசம் உடையவர். ‘எங்கள் உள்ளம் உங்களுக்கு விளங்கவில்லை, உங்கள் உள்ளம் எங்களுக்கு விளங்கவில்லை. அவ்வாறிருக்க, குறை எங்களிடம் மட்டும் உள்ளதாகக் கூறுவது எங்ஙனம் பொருந்தும்?’ என்பது அவர் வாதத்தின் சாரம். தனுஷ்கோடியில் நிற்பவர்க்குத் தலைமன்னார் அக்கரை. தலைமன்னாரில் நிற்பவர்க்குத் தனுஷ்கோடி அக்கரை. இடைப்பட்ட கடல் இருவர்க்கும் பொது. அதனைக் கடக்கும் கடமையை ஒரு சாரார்மீது மட்டும் சுமத்துதல் நேர்மையன்று.

இவ்வுணர்வு நம் நாட்டிலும் வளர்ந்து வருகிறது. 1991 இல் தில்லியில் மெரி பருவா என்னும் தாய், தம் மகன் பொருட்டு மேற்கொண்ட முயற்சியை ஊர்ப்பொதுவாக்கி ஓர் அமைப்பை நிறுவினார். 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சுட்டிக் குறித்தது. 2005 இல் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறன் உடையோர்க்கான தேசிய நிறுவனம் தொடங்கப்பெற்றது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகை நிலைகளுள் ஆட்டிசத்தையும் ஒன்றாக ஏற்றது. பள்ளிகள் இவர்களைப் பிற மாணவரோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்றும் விதித்தது. ஆண்டுதோறும் ஏப்பிரல் 2 ஆம் நாளை ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2007 இல் அறிவித்தது. பேச்சுப் பயிற்சியும், செயல்முறைப் பயிற்சியும், தகுந்த கல்வியும் இளமையிலேயே கிடைப்பின் குழந்தைகள் பெரிதும் பயன்பெறுவர்.

சட்டம் பள்ளியின் கதவைத் திறக்கும். வகுப்பறையில் பக்கத்து இருக்கையைத் தருபவர் மாணவரே. உங்கள் வகுப்பில் இத்தகைய தோழன் இருந்தால், சுருக்கமாகவும் நேராகவும் பேசுங்கள். விடை சொல்லச் சற்று நேரம் கொடுங்கள். நாளை நிகழவிருக்கும் மாற்றத்தை இன்றே தெரிவியுங்கள். அவன் கண்ணை நோக்காவிடினும் உங்களைக் கேட்கிறான் என்று நம்புங்கள். ஓசை மிகும்போது அமைதியான இடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அவன் பேசாவிடில், படத்தைக் காட்டியோ எழுதியோ சொல்ல விரும்புவதை ஏற்றுக்கொள்ளுங்கள். அவன் செயலைக் கண்டு நகைப்பவரோடு சேராதீர்கள்.

முன்னாளில் கீழக்கரைக் கடலில் மூழ்கியவர் இடுப்பில் ஒரு கயிறு இருந்தது. நீருக்கடியில் அவரால் வாய் திறந்து பேசுதல் இயலாது. கயிற்றை அசைப்பதே அவர் மொழி. மேலே இருப்பவர் அவ்வசைவை உணர்ந்து உடனே இழுத்தல் வேண்டும். ‘அவர் ஒன்றும் பேசவில்லையே’ என்று அவர் வாளா இருந்தால், மூழ்கியவர் மீளார். ஆட்டிசம் உடைய குழந்தையின் கையசைப்பும், அலறலும், திரும்பக் கூறும் சொல்லும் அத்தகைய கயிற்றசைவுகளே. கயிற்றின் மறுமுனை நம் கையில் இருக்கிறது.